ஓவர்சியர் வைத்திலிங்கமும் மதகின் வர்க்கமூலமும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாசன அலுவலகத்தில் படம் வரையும் உத்தியோகத்தில் இருந்த நான், ஒரு காலத்தில், ஏரித் தண்ணீரானது வயலிலிருந்து கிளம்பி, வாய்க்கால் வழியே மேடேறி, மதகுக்குள் புகுந்து ஏரிக்கே திரும்பிப் போகும் என்று எழுதி, அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கி, அதை இரும்புத் தகட்டில் வெள்ளை எழுத்தில் தீட்டவைத்து ஏரிக்கரையில் நட்டவன். அந்தத் தகடு ஐந்து வாரம் வெயிலிலும் பனியிலும் நின்றது. வழியில் போகிற மாடுகூட அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்திய ஒரே மனிதர் சென்ற வாரம் போய்விட்டார். இனி நானாகச் சொன்னால்தான் வெளியே தெரியும்.

செய்தியைக் கொண்டுவந்தவர் விழுப்புரத்திலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர். திண்டிவனத்தில் பஸ் நின்றதும், என்னைக் கண்டு படிக்கட்டிலிருந்தே குனிந்து சொன்னார்.

"நம்ம ஓவர்சீரு பூட்டாரு சார்."

"எந்த ஓவர்சியர்?"

"வைத்திலிங்கம் சாருதான். காலைல காப்பி குடிச்சிக்கினு இருந்தாராம். டம்ளர கீழ வெச்சாராம், அப்படியே சாஞ்சிட்டாராம். அவ்ளோதான்."

என் கையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. செய்தியைக் கேட்ட பிறகும் இரண்டு மூன்றை உடைத்து வாயில் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைக்கு விஷயம் தெரிய நேரம் ஆகிறது. பஸ் போன பின்புதான் எனக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது. உடனே உட்கார இடம் தேடினேன்.

அவரோடு காலைப் பாசஞ்சரில் வந்தவர்களுக்கு நான் அவரை வர்ணிக்க வேண்டியதில்லை. வெயிலிலும் விரிக்காத குடை, மூக்குப்பொடி வாசனை, பாதி மூடிய கண். எங்கள் அலுவலகத்தில் எல்லாரையும், பியூன் உள்பட, 'சார்' என்றுதான் கூப்பிடுவார். வாரத்தில் ஒருநாள் அவர் மயிலத்தில் இறங்கிவிடுவார். திண்டிவனத்துக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வந்துசேருவார். மயிலத்தில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாக அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் யார் என்று இந்த நேரத்தில் ஆராய வேண்டாம். ஒருநாள் உளவு பார்க்க நானும் அவர் பின்னாலேயே இறங்கினேன். வண்டித் தடத்தில் இரண்டு மைல் நடந்தார். ஏரிக்கரை ஏறினார். ஓர் ஆலமர வேரில் உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். நாரைகள் வந்தன, போயின. அவர் ஒரு மணிநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துக்குப் பின்னால் நின்ற எனக்கு எறும்பு கடித்ததுதான் மிச்சம். அவர் திரும்பாமலே, "இப்படி வந்து உக்காருங்க சார், அங்க கட்டெறும்பு புத்து இருக்குது," என்றார்.

அந்த ஏரியில்தான் எல்லாம் நடந்தது. பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் பத்திரிகை படிக்கிறவர்கள்.

ரயிலில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். விழுப்புரத்தில் ஏறியபோது பனி தண்டவாளத்தையே தின்றுவிட்டிருந்தது. வண்டி பஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பெட்டியில் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். அதன் மேல் மூச்சு படிந்து வெள்ளையாகியிருந்தது. ஓவர்சியர் ஆள்காட்டி விரலால் அதில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளியிலிருந்து ஒரு கோடு விர்ரென்று மேலே எழும்பியது, பிறகு யோசித்தது, பிறகு சாய்ந்து, படுத்தாற்போல வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

"இதான் சார் ரூட்டு, வர்க்கமூலம்," என்றார். "மதகுத் தண்ணி இந்தக் கோட்டு மேலதான் நடக்குது. நாலு அடி தண்ணி நின்னா ரெண்டு பங்கு வேகம். ஒம்போது அடி நின்னா மூணு பங்கு. அஞ்சு அடி கூட வந்துச்சே, ஒரு பங்குதான ஏறுது? அவ்ளோ நெதானம்."

"எங்க போய் முடியும்?" என்றேன், கொட்டாவிக்கு நடுவில்.

"முடியாது. எவ்ளோ வேணா ஏறும், ஆனா அவசரப்படாது. அதே மாரி ஜீரோவுக்குக் கீழயும் எறங்காது. உள்ள மைனஸ் குடுத்தீங்கன்னா வாயே தெறக்காது. மொதல்ல உள்ள என்ன போவலாம்னு பாக்கணும் சார், அப்புறந்தான் வெளிய என்ன வரும்னு கேக்கணும். வெளிய வர்றது அத்தினியும் சேத்துதான் ரேஞ்சு."

இவ்வளவும் சொல்லிவிட்டு, கோட்டுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டால் அது தலைகீழாகக் கவிழும் என்றும், எட்டிலிருந்து அதைக் கழித்தால் எட்டில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கீழே போகும் என்றும் சொன்னார். "அது நம்ம வீட்டம்மா பொறுமை மாரி. எட்டுக்கு மேல என்னைக்கும் போனதில்ல. எறங்குறதுக்கு எல்லை கெடையாது."

நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். பேரணி தாண்டியதும் கண்ணைத் திறந்தபோது, கண்ணாடியில் அவர் வரைந்த கோட்டிலிருந்து ஈரம் சொட்டுச் சொட்டாக வழிந்து, புள்ளிக்குக் கீழேயும் கிளைகள் இறங்கியிருந்தன. மேலே ஒரு கோடு, கீழே அதன் நிழல். வெளியே பனிக்குள் சூரியன் தாம்பாளம் மாதிரி மிதந்தது. இவ்வளவு அழகாக ஒரு கணக்கை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. அழகாக இருந்ததாலேயே அதை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டேன், கீழ்க்கோட்டையும் சேர்த்து.

அந்த மாதமே ஓவர்சியர், தையில் நடக்கவிருந்த தம் மகள் கல்யாணத்துக்கு நீண்ட லீவு போட்டார். ஏரி மதகுக்கு ஓர் அட்டவணைப் பலகை வைக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஏரிக்குள் அடிக்கு ஒரு கோடு போட்டு நிற்கும் அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் இருந்தால் மதகில் என்ன வேகத்தில் வரும் என்று அதில் எழுதவேண்டும். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

பள்ளிக்கூடத்தில், 'எதன் வர்க்கம் நாலு? பிளஸ் இரண்டு அல்லது மைனஸ் இரண்டு' என்று பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரயில் கண்ணாடியும் அதையே சொன்னது. எனவே ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் ஒரு பிளஸ், அதன் கீழே ஒரு மைனஸ் என்று பக்தியோடு போட்டேன். இது ஒரு தப்பு; வேகத்துக்கு மைனஸ் போட்டால் தண்ணீர் வயலிலிருந்து ஏரிக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். அளவுக்கல்லின் பூஜ்யம் ஏரியின் தரையில் இருக்கிறது, மதகின் வாயோ அதற்கு இரண்டு அடி மேலே இருக்கிறது. கல் காட்டும் எண்ணில் இரண்டைக் கழித்த பிறகே மூலம் எடுக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இது இரண்டாவது தப்பு. என் அட்டவணைப்படி, மதகு வாய்க்குக் கீழே கிடக்கும் சேற்றுத் தண்ணீரும் எம்பிக் குதித்து வெளியே வரும். எங்கள் அதிகாரி தூங்கும்போதும் கையெழுத்துப் போடக்கூடியவர். போட்டார்.

மாசி பிறந்தது. அந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை. கல்லில் தண்ணீர் ஆறாம் கோட்டில் நின்றது. அங்கே வழக்கம் என்னவென்றால், மதகைத் திறந்தால் முதல் மூன்று நாள் மேல்மடை ஊருக்கு, அடுத்த மூன்று நாள் கடைமடை ஊருக்கு. கடைமடைக்காரர்கள் கூலிக்குப் போகிறவர்கள். அப்போதுதான் முதல்முறையாகச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி நெல் வைத்திருந்தார்கள். கதிர் பால் பிடிக்கிற சமயம். ஒரு தண்ணீர் சரியாகப் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். அவர்கள் முறை வரும்போது கல்லில் தண்ணீர் மூன்றாம் கோட்டுக்கு இறங்கிவிடும். மூன்று நாளில் வருவது போதாது என்று அவர்கள் சொன்னார்கள். எப்போதும் இதே முறைதானே என்று மேல்மடை சொன்னது.

லீவு முடிந்து வந்த ஓவர்சியர் என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். மேல்மடை ஊரின் பெரியதனக்காரர் கோவிந்தசாமி தோளில் துண்டோடு மதகின் மேல் நின்றிருந்தார்.

"ஏன் ஓவர்சீரே, அவுங்களுக்கு என்னா கொற? கவர்மெண்டே எழுதி நட்டிருக்குது பாருங்க. கல்லுல ஒண்ணு வரைக்கும் எறங்கினாலும் தண்ணி வருமாம். அடி வரைக்கும் அவுங்களுதுதான்."

அவர் ஒரு குழந்தையைப் போல முகத்தை வைத்துக்கொண்டு என் பலகையைக் காட்டினார். அந்த மதகு எதுவரை ஓடும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர் அவர். ஓவர்சியர் பலகையைப் பார்த்தார். அதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். மைனஸ்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார் என்று தோன்றியது. நான் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பலகை தப்புங்க," என்றார்.

"அப்ப கவர்மெண்டு தப்பா?"

"கவர்மெண்டு சரிதான். எழுதின கை அவசரத்துல எழுதிடுச்சு."

என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு அவர் பேசினார். வாய்க்கு மேலே இப்போது நாலு அடி நிற்கிறது, மூலம் இரண்டு. அவர்கள் முறை வரும்போது ஓர் அடிதான் நிற்கும், மூலம் ஒன்று. அதே நேரத்துக்குப் பாதித் தண்ணீர்தான் வரும். ஆகவே மேல்மடைக்கு இரண்டு நாள், கடைமடைக்கு நாலு நாள் என்றார். பெரியதனக்காரர் துண்டை உதறினார்.

"நாலு அடில ஒண்ணு, கால் பங்கு இல்ல ஆவுது? நீங்க பாதின்றீங்க. உங்க கணக்கு உங்களுக்கே ஒத்துவரல."

"கால் பங்கு ஆழம், பாதி வேகம். அதான் ரூட்டு."

"அதக் கண்ணுல காட்டுங்க பாப்போம்."

ஓவர்சியருக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு மண்ணெண்ணெய் டின் கொண்டுவரச் சொன்னார். அடியோரம் ஆணியால் ஒரு துளை. துளையிலிருந்து அளந்து, பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு கோடு, மூன்று அங்குலத்தில் ஒரு கோடு. மேலே தண்ணீர் ஊற்றி அந்தந்தக் கோட்டில் மட்டம் குறையாமல் வைத்துக்கொள்வது மேல்மடை ஆள். துளைக்கு நேரே ஒரு பித்தளைச் சொம்பு. அது நிரம்ப எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. இரண்டு ஊரும் கரையில் கூடிவிட்டது.

முதலில் பெரியதனக்காரரே எண்ண ஆரம்பித்தார். செக்கு மாடு மாதிரி எண்ணினார்.

"யோவ், ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல தூங்கிட்டு வர்றியே," என்று கடைமடைப் பக்கமிருந்து ஒரு குரல்.

"அப்ப யாரு எண்றது? நீங்க எண்ணினா குதிர மாரி ஓடுவீங்க."

"அஞ்சல எண்ணட்டும்," என்றார் ஒரு கிழவர். "பொறந்தது மேல்மட, வாக்கப்பட்டது கடமட. ரெண்டு பக்கமும் கஞ்சி குடிச்சவ."

அஞ்சலைக்கு முப்பது வயது இருக்கும். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். "ஒலக்க போட்ற வேகத்துல எண்றேன். யாரும் பேசக்கூடாது. பேசினா மறுபடி மொதல்லேந்து," என்றாள். பெரியதனக்காரருக்கே அது உத்தரவு மாதிரி இருந்தது.

"சொம்ப யாரு புடிக்கிறது?"

"ஆபீசு ஆளு புடிக்கட்டும்," என்று பெரியதனக்காரரே என்னைக் காட்டினார். "கவர்மெண்டு கை ஒரு பக்கமும் சாயாது."

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு அங்குல மட்டத்தில், அஞ்சலை பத்து எண்ணும்போது சொம்பு நிரம்பியது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பெரியதனக்காரர் கிட்டே வந்தார்.

"ஓவர்சீரே, இப்ப இருபதுன்னா இருபது. ஒண்ணு கொறஞ்சாலும் பழைய மொறதான். சரியா?"

'சுமாராக' என்று ஓவர்சியர் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ள மாட்டாரா என்று நான் வேண்டிக்கொண்டேன். இந்த உலகத்தில் பாதிப்பேர் அந்த ஒரு வார்த்தையில்தான் பிழைக்கிறோம். அவர் பாதி மூடிய கண்ணோடு, "சரி," என்றார்.

மூன்று அங்குல மட்டம். துளையிலிருந்து தண்ணீர் இளைத்து, வளைந்து, சத்தமில்லாமல் விழுந்தது. அஞ்சலை எண்ணினாள். கரையில் இரண்டு ஊரும் அவள் வாயையே பார்த்தன. வெயில் தண்ணீரின் மேல் உடைந்து உடைந்து மிதந்தது. எங்கோ ஒரு மீன் துள்ளியது. நேரம் என்பதே அவள் குரலில் இருந்துதான் வருகிறது என்று தோன்றியது. அவள் நிறுத்தினால் ஏரியும் அப்படியே நின்றுவிடும் போலிருந்தது. பத்தொன்பது என்றாள். இருபது என்றாள். நான் சொம்பை எடுத்து நீட்டினேன். விளிம்பு வரை நின்றது.

பெரியதனக்காரர் சொம்புக்குள் பார்த்தார். விரலை விட்டும் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நாளு நாங்க. நாலு நாளு அவுங்க," என்றார். சொன்னால் சொன்னதுதான், அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் போகம் கடைமடை அறுத்தது. பொங்கலுக்குப் பதிலாக மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது எங்களைக் கூப்பிட்டார்கள். ஓவர்சியர் இரண்டு சொம்பு கேப்பைக்கூழ் குடித்தார்.

சொம்பு நிரம்பிய அன்றே, எல்லாரும் போன பின்பு அவர் பலகையின் முன்னால் உட்கார்ந்து, பேனாக்கத்தியை எடுத்து, என் மைனஸ்களை ஒன்றொன்றாகச் சுரண்டினார். பிறகு இரண்டாம் கோட்டுக்குக் கீழே இருந்த எண்களையும், மேலே இரண்டு கழிக்காமல் போட்டிருந்தவற்றையும் சுரண்டினார். வெள்ளைத் தூள் அவர் மடியில் உதிர்ந்தது.

"கேள்வி கேக்குறது வேற சார், ரூட்டு போட்றது வேற," என்றார். "எதோட வர்க்கம் நாலுன்னு கேட்டா ரெண்டு பேரு கை தூக்குவாங்க, பிளஸ்ஸும் மைனஸும். ரூட்டுன்னு எழுதிட்டா ஒரு ஆளுதான் வரணும். மைனஸ் இல்லாத ஆளு. அப்படி வெச்சிருக்காங்க. இல்லன்னா தண்ணி எந்தப் பக்கம் போவுறதுன்னு அதுக்கே தெரியாது."

"ஏன் சார் என் பேரச் சொல்லல?"

"சொன்னா தண்ணி கூட வருமா?"

அதற்கப்புறம் அந்தத் தப்பைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த இருபதைப் பற்றிச் சாகும்வரை பேசினார். ஓய்வு பெற்று விழுப்புரத்தில் உட்கார்ந்த பிறகு, ஜங்ஷனில் போர்ட்டர், கண்டக்டர், வெற்றிலைக் கடைக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். "சர்வீசு பூரா சுமாரு சுமாருன்னே போச்சு சார். காத்து அடிக்கும், கல்லு சாயும், கணக்கு கொஞ்சம் முன்னப்பின்னதான் வரும். ஒரே ஒரு நாளு அச்சு மாரி வந்துச்சு. பத்துக்கு இருபது. இவரு பக்கத்துலயே இருந்தாரு, கேளுங்க." நான் தலையாட்டுவேன். போன தையில் கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டார், ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஏரிக்கே போய்விட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது கொஞ்சம்தான். யார் எதைக் கேட்டாலும், வாயைத் திறப்பதற்கு முன், உள்ளே என்ன போகலாம் என்று ஒரு விநாடி யோசிக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். வீட்டில் இதனால் மரியாதை குறைந்திருக்கிறது. பனி மூடிய ஜன்னலைக் கண்டால் விரல் தானாகப் போகிறது. புள்ளி வைத்து, எழுப்பி, சாய்த்து, படுக்கவைக்கிறேன். ஈரம் கீழே வழிவதற்குள் துடைத்துவிடுகிறேன்.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. அவர் இருக்கும்வரை சொல்ல வாய் வரவில்லை. அன்று சொம்பு பதினேழிலேயே நிரம்பிவிட்டது. மீதி மூன்றும் என் விரல் வழியாக ஏரிக்கரையில் போயிற்று.